நடிகைகளின் முடி மாற்றங்கள்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை? என் மகளுக்காகவும் கேட்கிறேன்

சுருட்டைமுடி அம்மா, திருநெல்வேலி

தோழிகளே, அண்ணன் தம்பிகளே, வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். என்னைப் போலவே சுருட்டை முடி, அடர்த்தி மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. வைகாசியில் நாத்தனார் மகள் கல்யாணம் வருகிறது. அதற்குள் ஸ்ட்ரெயிட்டனிங் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். பள்ளியில் ரெட்டைச் சடையும் ரிப்பனும் கட்டாயம். காலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் படியப் படிய வாரி அனுப்பினாலும், இரண்டு பீரியட் முடிவதற்குள் நெற்றி ஓரத்து முடி எல்லாம் எழும்பி நின்றுவிடும். போன மாதம் ஒரு டீச்சர் வகுப்பில் எல்லார் முன்னாலும் "உனக்குத் தலை வாரிவிட வீட்டில் ஆள் இல்லையா" என்று கேட்டிருக்கிறார். தினமும் முக்கால் மணி நேரம் அந்தத் தலையோடு மல்லுக்கட்டுகிறவள் நான். பிள்ளை அன்று ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

நான் என்ன சொன்னாலும் "நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவ" என்கிறாள். சரி, அவளுக்குப் பிடித்த நடிகைகளைக் காட்டியாவது பேசலாம் என்று பார்த்தேன். 2015ல் வந்த 'பிரேமம்' மலையாளப் படம் ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. அதில் மேரியாக வந்த அனுபமா பரமேஸ்வரனின் சுருட்டை முடி, மலர் டீச்சராக வந்த சாய் பல்லவியின் முகப்பரு, எதையும் மறைக்காமல் அப்படியே காட்டியிருந்தார்கள். நான் பார்த்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. என் தலையில் இருப்பது மாதிரி முடியை ஒரு கதாநாயகி தலையில் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அதுவரைக்கும் தமிழ்ப் படத்தில் சுருட்டை முடி என்றால் பேய்க்கும் காமெடிக்கும்தான்.

நானும் 23 வயதில், கல்யாணத்துக்கு முன்னால், ஒரு பார்லரில் உட்கார்ந்து முடியை நீட்டிக்கொண்டவள்தான். ஆறு மாதத்தில் வேரில் சுருட்டை, நுனியில் கோரைப்புல். சீப்பை வைத்தால் இரண்டும் சேருகிற இடத்தில் ஒடிந்து கையோடு வந்தது. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து "இது யாரும்மா?" என்று இவளே நாலு வயதில் கேட்டிருக்கிறாள்.

அதனால் கேட்கிறேன். நடிகைகள் முடியை வெட்டியது, சுருட்டியது, நீட்டியது, நரையை அப்படியே விட்டது, இவற்றில் உங்களுக்கு மனதில் நின்றது எது? பிடிக்காததையும் சொல்லுங்கள். நான் அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

தூத்துக்குடி மலர்

எனக்கு நீள முடிதான் அக்கா. பெப்சி உமா சன் டிவியில் புடவையும் நீள முடியுமாக வந்து நிற்பார்களே, அது அழகு. இப்போது இருக்கிற ஹீரோயின் எல்லாருக்கும் தோள் வரைக்கும்தான் முடி, எல்லாருக்கும் ஒரே லேயர் கட், ஒரே பிரவுன் ஹைலைட். பின்னால் இருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியவில்லை. பாப்பாவிடம் சொல்லுங்கள், சுருட்டை முடி சோறு போடும் என்று எங்கள் ஆச்சி சொல்லும்.

நித்யகல்யாணி, மயிலாப்பூர்

மலர், நீள முடி அழகு என்று சொல்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்து நீள முடியில் பாதி சவுரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா சரோஜாதேவி பைத்தியம். 60களில் சரோஜாதேவி கட்டின புடவை, போட்ட ரவிக்கை, வைத்த கொண்டை எல்லாவற்றையும் மெட்ராஸ் பெண்கள் அப்படியே காப்பி அடிப்பார்கள். அம்மாவுக்கோ எலிவால் மாதிரி முடி. தினமும் சீப்பில் வருகிற முடியை விரலில் சுற்றி ஒரு போர்ன்விட்டா டின்னில் போட்டு வைப்பாள். டின் நிறைந்ததும் தெருவில் வருகிற அம்மாளிடம் கொடுத்தால் சவுரியாகக் கட்டித் தருவார்கள். அந்தச் சவுரியைச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே தன் முடியை இழுத்து மூடி, இருபது ஊசி குத்தினால் சரோஜாதேவி கொண்டை ரெடி. அம்மா போன பிறகு பீரோவில் அந்தச் சவுரி இருந்தது. அதில் அம்மாவின் முடி கறுப்பாகவே இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் என் அத்தை ஒருத்தி பம்பாயில் இருந்தாள். 1960ல் 'லவ் இன் சிம்லா' என்று ஒரு இந்திப் படம், அதில் சாதனா நெற்றியில் முடியை வெட்டித் தொங்கவிட்டு வந்தார். அவருக்கு நெற்றி அகலம், அதை மறைப்பதற்காக ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி வெட்டிக்கொள்ளச் சொன்னது டைரக்டர் ஆர்.கே. நய்யார். அது 'சாதனா கட்' என்று பெயராகி ஊரெல்லாம் பரவிவிட்டது. அத்தையும் வெட்டிக்கொண்டு லீவுக்கு வந்தாள். தாத்தா அவளோடு நாலு நாள் பேசவில்லை. நெற்றியில் முடி விழுந்தால் வீட்டுக்கு ஆகாதாம்.

என் காலத்துக்கு வந்தால் நதியா. 1985ல் 'பூவே பூச்சூடவா' வந்த அடுத்த மாதமே நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினோம். உச்சியில் தூக்கிக் கட்டிய அந்தக் கொண்டையோடு நான் காலேஜுக்குப் போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முடியை வெட்டினால்தான் வீட்டில் பூகம்பம், தூக்கிக் கட்டினால் பரவாயில்லை.

ஒன்று கவனித்தீர்களா, 1990ல் 'அஞ்சலி' வந்த பிறகு பாதிக் குழந்தைகளுக்கு அஞ்சலி பாப்பா மாதிரி பாப் வெட்டினார்கள். சின்னப் பிள்ளைக்கு பாப் என்றால் எல்லாருக்கும் கொள்ளை ஆசை. அதே பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் முடி வளர்த்தே ஆக வேண்டும். சடங்குக்குப் பூ தைத்த சடை வேண்டுமே, ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து முதுகுச் சடை தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டுமே! அந்தப் போட்டோவுக்காக எனக்குச் சவுரி வைத்துத்தான் தாழம்பூ தைத்தார்கள். பாரம் தாங்காமல் கழுத்து இரண்டு நாள் வலித்தது.

ராம், கோவை

நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. ஒரு நடிகையை நமக்குப் பிடிப்பதில் அவர் முடிக்கும் பங்கு இருக்கிறது. 2017ல் பிக் பாஸ் பார்த்து ஓவியாவுக்காக ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருத்தன். வெளியே வந்ததும் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றார், எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அது அவர் இஷ்டம், தெரியும். ஆனாலும் ரசிகனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை உண்டு அல்லவா? ஒரு முகத்தை ஒரு மாதிரி பார்த்துப் பழகிவிட்டோம். சடார் என்று மாற்றினால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. இது ஆண் நடிகர்களுக்கும் பொருந்தும்.

வண்ணத்துப்பூச்சி

ராம் அண்ணா, ஆண் நடிகர்களுக்கும் பொருந்தும் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. 2011ல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த முடியோடு வந்தார். சால்ட் அண்ட் பெப்பர் என்று அதற்கு ஒரு பெயரே கொடுத்துத் தியேட்டரில் ஆடினோம். ரஜினி விக் இல்லாமல், வழுக்கையும் வெள்ளை முடியுமாக மேடைக்கு வருகிறார், என்ன எளிமை என்று கும்பிடுகிறோம். நானும் கும்பிடுகிறவள்தான்.

'வாரணம் ஆயிரம்' சமீரா ரெட்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு குழந்தை பெற்ற பிறகு நரையை மறைக்காமல் இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார். ஏன் நரையை மறைக்கவில்லை என்று அவர் அப்பாவே கவலையாகக் கேட்டதாக எழுதியிருந்தார். அப்பாவுக்கே அந்தக் கவலை வந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு நடிகையின் படத்துக்குக் கீழே "ஆன்ட்டி ஆகிவிட்டார்" என்று எழுதுகிறவர்கள் வேறு கிரகத்திலிருந்து வரவில்லை, நம் வீட்டுத் தம்பிகளும் மாமாக்களும்தான்.

எனக்கு 34 வயது, 26லிருந்து நரை. பதினெட்டு நாளைக்கு ஒருமுறை டை அடிக்கிறேன். ஆபீஸில் என்னைவிட மூன்று வயது சின்னவனுக்குக் காதோரம் எல்லாம் வெள்ளை, அவனை மீட்டிங்கில் "மெச்சூர்டு" என்கிறார்கள்.

சுருட்டைமுடி அம்மா, ஒரு சின்னத் திருத்தம். 'பிரேம'த்துக்கு முன்னாலேயே 2008ல் 'தாம் தூம்' படத்தில் கங்கனாவும், 2011ல் 'ஆடுகள'த்தில் டாப்சியும் இங்கே வந்துவிட்டார்கள். இரண்டு பேருமே பிறவிச் சுருட்டை. நித்யா மேனனை விட்டுவிட்டீர்களே! 'திருச்சிற்றம்பல'த்துக்குத் தேசிய விருது வாங்கினாரே, அந்தச் சுருட்டையோடு. பாப்பாவுக்கு முதலில் அவரைக் காட்டுங்கள்.

வடபழனி ஹேர்டிரெஸ்ஸர்

நான் இருபது வருடத்துக்கு மேலாக சீரியல், படம் இரண்டிலும் ஹேர்டிரெஸ்ஸராக இருக்கிறேன். நடிகைகள் முடியை மாற்றினார்கள், மாற்றினார்கள் என்கிறீர்கள். அவர்களாக மாற்றியது எத்தனை, மாற்ற விட்டது எத்தனை என்று எனக்குத் தெரியும்.

ஒரு படம் ஒப்புக்கொண்டால் அது முடியும்வரை முடியில் கத்திரி வைக்க முடியாது. கண்டினியூட்டி. நேற்று எடுத்த காட்சியில் இடது தோளில் விழுந்த முடி இன்றும் இடது தோளில்தான் விழ வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் முன்னால் பின்னால் பக்கவாட்டில் என்று செல்போனில் படம் எடுத்து வைப்பேன். மல்லிகை எத்தனை சுற்று என்று கூட எண்ணி வைப்போம். ஒரே நேரத்தில் மூன்று படம் செய்கிற பெண்ணுக்கு முடி வெட்டிக்கொள்ள ஆசை வந்தால் மூன்று டைரக்டரும் சம்மதிக்க வேண்டும்.

சீரியலில் நிலைமை இன்னும் மோசம். நல்ல மருமகள் என்றால் இடுப்பு வரை பின்னல். வில்லி என்றால் தோளில் வெட்டிய முடி, கலர், விரித்த தலை. நான் வேலைக்கு வந்த நாள் முதல் இந்தக் கணக்கு மாறவில்லை. ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கதைப்படி அவள் நீளச் சடைக்காரி. நாலு எக்ஸ்டென்ஷன் வைத்துக் கட்டுவேன். ராத்திரி பேக்கப் ஆனதும் கிளிப்பைக் கழற்றினால் உச்சந்தலையில் கிளிப் கடித்த இடமெல்லாம் சிவந்து வரிவரியாக இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு "அக்கா, ஒரு நிமிஷம் தலையை அப்படியே பிடிச்சுக்குங்க" என்பாள். இரண்டு கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த எக்ஸ்டென்ஷன் முடி எங்கிருந்து வருகிறது தெரியுமா? திருப்பதியிலும் பழனியிலும் பெண்கள் இறக்கிய முடி ஏலத்துக்குப் போகிறது, நல்ல நீள முடி எல்லாம் வெளிநாடு வரை போய் விக்காகவும் எக்ஸ்டென்ஷனாகவும் ஆகிறது. யாரோ ஒரு தாய் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் குணமாக வேண்டிக்கொண்டு கொடுத்த முடி இன்னொருத்தி தலையில் ஏறி உட்காருகிறது.

இன்னொன்று. சினிமாவில் முடி பெண்களுக்கு, முகம் ஆண்களுக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். மும்பை சினிமா சங்கத்தில் பெண்களுக்கு ஹேர்டிரெஸ்ஸர் கார்டு கொடுப்பார்கள், மேக்கப் கார்டு கொடுக்கவே மாட்டார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படி. சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பரில்தான் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு என் தோழி ஒருத்தி போன் செய்து அழுதாள். எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் அது என்று வெளியே யாருக்கும் தெரியாது.

பார்லர் செல்வி, மதுரை

ஹேர்டிரெஸ்ஸர் அக்கா சொன்னதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் பார்லர் வைத்திருக்கிறேன், என் பக்கத்தையும் சொல்கிறேன்.

தினமும் யாராவது ஒரு பெண் போனை நீட்டி "அக்கா, இந்த ஹீரோயின் மாதிரி" என்பாள். அது கட் மட்டும் இல்லை தங்கச்சி, காற்று அடிக்க ஒருத்தர், ப்ளோ டிரை பண்ண ஒருத்தர் என்று பக்கத்தில் ஆள் நின்று எடுத்த போட்டோ. இங்கே மட்டும் இல்லை, அமெரிக்காவிலும் இதே கதைதான். 'ப்ரெண்ட்ஸ்' சீரியலில் ஜெனிஃபர் அனிஸ்டனுக்குக் கிறிஸ் மெக்மில்லன் வெட்டிய 'ரேச்சல் கட்' உலகமே கேட்டது. அந்தம்மாவே பின்னால் சொன்னார், மெக்மில்லன் பக்கத்தில் இல்லாமல் தன்னால் அந்த முடியைச் சமாளிக்க முடியவில்லை என்று.

இப்போது பாப்பா விஷயம். 14 வயதுப் பிள்ளைக்கு நான் ஸ்ட்ரெயிட்டனிங் செய்ய மாட்டேன், ஆறாயிரம் ரூபாய் கொடுத்தாலும். முதல் க்ரீம் முடிக்குள் இருக்கிற கந்தகப் பிணைப்பை உடைக்கிறது, அதனால்தான் சுருள் அவிழ்கிறது. அப்புறம் பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்து நீட்டுகிறோம். இரண்டாவது க்ரீம் அந்த நீட்டின நிலையிலேயே பிணைப்பை மறுபடி பூட்டுகிறது. ஒருமுறை பிரித்துத் தைத்த துணி மாதிரிதான், பழைய பலம் வராது. கெரட்டின் என்று சொல்லிச் செய்கிற சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், சூடு பட்டதும் புகையாகக் கிளம்பும். அது புற்றுநோய் வரவைக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே வகைப்படுத்தியிருக்கிறது. வருகிறவள் ஒருமுறை சுவாசிக்கிறாள், பார்லர் பெண்கள் நாள் முழுக்க. நான் அந்த சர்வீஸை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது, வருமானம் குறைந்தது உண்மை.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளரும். வைகாசியில் நீட்டினால் தீபாவளிக்கு வேரில் இரண்டு அங்குலத்துக்கு மேல் சுருட்டை வந்துவிடும். அந்தச் சேருமிடத்தில்தான் ஒடியும், அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

பாப்பாவுக்கு இதைச் செய்து பாருங்கள். காய்ந்த முடியைச் சீப்பால் வாரவே கூடாது, சுருட்டைக்கு அதுதான் எதிரி. தலை ஈரமாக இருக்கும்போது கண்டிஷனர் போட்டு அகலப்பல் சீப்பில் சிக்கு எடுங்கள். கால் கப் ஆளிவிதையை இரண்டு கப் தண்ணீரில் கொதிக்க விட்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும்போது இறக்கி, சூடு ஆறுவதற்கு முன்னால் துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் வடியாது. அந்த ஜெல்லை ஈர முடியில் தடவி, உள்ளங்கையில் ஏந்தி நுனியிலிருந்து மேலே கசக்கி விடுங்கள். டவல் வேண்டாம், பழைய பனியன் துணி போதும். காயும்வரை தொடக்கூடாது.

காவேரிக்கரை, கும்பகோணம்

எனக்கு 71 வயது. நடிகைகள் பற்றி எனக்கு என்ன தெரியப்போகிறது என்று முதலில் விட்டுவிட்டேன். படித்துக்கொண்டே வந்ததில் ஒன்று எழுதத் தோன்றிவிட்டது.

2000ல் 'வாட்டர்' என்ற படத்துக்காக ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் தலையை மழித்துக்கொண்டு காசிக்குப் போனார்கள். விதவைகளைப் பற்றிய கதை. அங்கே செட்டை அடித்து நொறுக்கிப் படப்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிறகு வேறு நடிகைகளை வைத்து இலங்கையில் எடுத்து 2005ல் வெளிவந்தது. மழித்த தலையோடு பேப்பரில் வந்த ஷபனாவின் படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கொள்ளுப்பாட்டி ஞாபகம் வந்தது.

பதினேழு வயதில் அவளுக்குக் கணவர் போய்விட்டார். நார்மடிப் புடவை, முக்காடு, மொட்டைத் தலை. மாதம் ஒருமுறை நாவிதர் கொல்லைப்புறமாக வருவார், எங்களை எல்லாம் வாசலுக்கு விரட்டிவிடுவார்கள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, என் அக்காவுக்குப் பின்னல் போட்டுவிடுவது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்த்தி, எண்ணெய் தேய்த்து, நாலு கால் பின்னல் போட்டு, குஞ்சலம் கட்டி, பின்னி முடித்ததும் அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்னுவாள். அக்கா சிணுங்குவாள், "பாட்டி, போதும்." எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும், ஏன் அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுகிறாள் என்று புரியவில்லை.

தூத்துக்குடி மலர்

தாத்தா, இதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு முறை படித்தேன்.

கார்த்திகா, பழனி

நான் இதுவரை எங்கேயும் எழுதினதில்லை, இன்று எழுதுகிறேன்.

'பம்பாய்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1995. கதாநாயகி மனிஷா கொய்ராலா. 'ஹம்மா ஹம்மா' பாட்டுக்கு ஆடியவர் சோனாலி பிந்த்ரே, அதே சோனாலிதான் 'காதலர் தின'த்தில் வந்தார். 2012ல் மனிஷாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். 2018ல் சோனாலிக்கும் புற்றுநோய். இரண்டு பேரும் நியூயார்க்கில் சிகிச்சை எடுத்தார்கள், இரண்டு பேரும் முடி இல்லாத தலையோடு உலகத்துக்கு முகம் காட்டினார்கள். முடியை வெட்டிக்கொள்வதையே சோனாலி வீடியோவாகப் போட்டார். நம் கௌதமி மார்பகப் புற்றுநோயைக் கடந்து வந்து மேடை மேடையாக அதைப் பற்றிப் பேசுகிறார்.

எனக்கு வந்தது 2019ல். இரண்டாவது கீமோ முடிந்து பதினைந்தாம் நாள் காலை, தலையணையில் ஒரு கைப்பிடி முடி. அன்றைக்கே என் தம்பி ட்ரிம்மர் எடுத்து வந்து மழித்துவிட்டான், மழித்துக்கொண்டே அழுதான். கோவைக்கு ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போவோம். முக்காடு நழுவினால் பக்கத்து சீட்டு அம்மா கட்டாயம் கேட்பார்கள், "எந்தக் கோயில் மொட்டை?" நான் "பழனி" என்பேன். உடனே முகம் மலர்ந்துவிடும், "முருகன் பார்த்துக்குவான்" என்பார்கள். ஒரே ஒருமுறை உண்மையைச் சொன்னேன், அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அதன்பிறகு எல்லாருக்கும் பழனிதான். எங்கள் ஊரில் மொட்டை அடித்த பெண்களைத் தினமும் ஆயிரக்கணக்கில் பார்க்கிறோம், சந்தனம் பூசிய தலையை யாரும் ஒரு குறை சொல்வதில்லை. அதே தலை, காரணம் மட்டும் வேறு.

சோனாலியின் படத்தை என் போனில் முகப்பாக வைத்திருந்தேன். அவர் நடிப்புக்காக இல்லை. அந்தத் தலையோடு அவர் லிப்ஸ்டிக் போட்டிருந்தார், அதற்காக.

முடி திரும்ப வந்தபோது எனக்குச் சுருட்டையாக வந்தது. பிறந்ததிலிருந்து கோரை முடி எனக்கு. கீமோவுக்கு அப்புறம் சில பேருக்கு அப்படி வரும் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சுருட்டையைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை வருடத்தில் மறுபடி நேராகிவிட்டது, கொஞ்சம் வருத்தம்தான். உங்கள் பாப்பாவிடம் சொல்லுங்கள் அக்கா.

ராம், கோவை

கார்த்திகா, தங்கச்சி, நீங்கள் நலமாக இருப்பதில் ரொம்ப சந்தோஷம். எந்த நடிகை முடி வெட்டினாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பேசுகிறோம் என்பது இப்போது உறைக்கிறது. என் ரசனை மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் நீள முடிதான் பிடிக்கும். ஆனால் அதை அந்தப் பெண்ணின் படத்துக்குக் கீழேயே போய் எழுத வேண்டிய அவசியம் என்ன இருந்தது? எழுதியிருக்கிறேன், இரண்டு மூன்று முறை. நேற்று தேடிப்போய் அழித்தேன்.

வண்ணத்துப்பூச்சி

நன்றி ராம் அண்ணா. மனசாரச் சொல்கிறேன்.

சுருட்டைமுடி அம்மா, திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை. எல்லாவற்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கும்பகோணம் அய்யா எழுதியதைப் படிக்கும்போது என் குரல் போய்விட்டது, போனை வாங்கி மீதியை அவளே சத்தமாகப் படித்தாள். கார்த்திகா எழுதியதை இரண்டு தடவை படித்தாள், அப்புறம் "அவங்களுக்குச் சுருட்டை போயிடுச்சா, பாவம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்கா சொன்ன மாதிரியே ஆளிவிதை ஜெல் காய்ச்சினேன். முதல் தடவை ஆற விட்டுவிட்டேன், துணியில் வடியவே இல்லை, அவ்வளவும் வீண். இரண்டாவது தடவை சரியாக வந்தது. என் பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். காய்ந்து அவிழ்த்ததும் தோளில் சுருள் சுருளாக விழுந்தது பாருங்கள், அவளே வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டாள். நித்யா மேனன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அரை மணி நேரம். அவள் அப்பா உள்ளே வந்து, "உங்கம்மாவை முதல்முதல்ல பஸ் ஸ்டாண்டுல பார்த்தப்ப இப்படித்தான் இருந்தா" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

ஸ்ட்ரெயிட்டனிங் வேண்டாம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. "கல்யாணத்துக்கு இப்படியே வரேன், ப்ளஸ் டூ முடிச்சதும் நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றிருக்கிறாள். சரி என்றுவிட்டேன். பள்ளிக்கும் நானும் அவள் அப்பாவும் போய் வகுப்பு ஆசிரியையிடம் பேசினோம். ரெட்டைச் சடை விதியை மாற்ற முடியாதாம், ஆனால் முடி பறப்பதற்காக இனி யாரும் எழுப்பி நிற்க வைக்க மாட்டார்கள் என்றார். அந்த டீச்சரைப் பார்க்க முடியவில்லை.

செல்வி அக்கா, அந்த ஜெல்லை ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்? அரை பாட்டில் மீதி இருக்கிறது.

பார்லர் செல்வி, மதுரை

ஒரு வாரம் தாங்கும் தங்கச்சி. வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள், பாப்பா போட்டோ மறக்காமல் எனக்கு வேண்டும்.